ஓட மறுத்த காரும் எழுதாத வரலாறும்

சென்ற ஆவணி மாதத்தில் வடமராட்சியிலே ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையை அழைத்துச் செல்வதற்கென்று பழைய ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மல்லிகைச் சரமும் பட்டுநாடாவும் சூட்டி, படலையடியில் நிறுத்தியிருந்தனர். பழைய காரில் ஊர்வலம் போவது ஒருகாலத்தில் வசதிக் குறைவின் அடையாளம். இன்று அதுவே ஆடம்பரம். காலத்தின் இத்தகைய குறும்புகளுக்கு நாம் பழகிவிட்டோம். முகூர்த்தம் நெருங்கிற்று. மாப்பிள்ளை ஏறினார்; தோழன் ஏறினான். சாரதி விசையை இழுத்தார். எந்திரம் சுழன்றது, ஆயின் உயிர்கொள்ளவில்லை. மீண்டும் இழுத்தார். மீண்டும் அந்தச் சுழற்சி, அந்த இருமல், அந்த மௌனம்.

கூடிநின்ற இளைஞர்கள் தம் கைத்தொலைபேசிகளில் வைத்தியம் தேடினர். தள்ளிப் பார்ப்போம் என்றார் ஒருவர். கனடாவிலிருந்து வந்த மாமனார் வான் பிடிக்க ஆள் அனுப்பினார். அவ்வேளை, பின்வளவுச் சமையற் கொட்டிலில் வாழைக்காய் வெட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், வேட்டியை மடித்துக் கட்டியபடி மெல்ல வந்து நின்றார்.

“பொறு தம்பி, செல்ஃபை அடியாதை. பற்றறி செத்துப் போகும்.”

மூடியைத் தூக்கி, முதலில் மூக்கைத்தான் உள்ளே நீட்டினார். “பெற்றோல் வருது. அதிலை பிழையில்லை” என்றார். பின்னர் ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் முனையை எந்திரத்தின் இரும்பிலிருந்து ஒரு நெல்மணி தூரம் விலக்கிப் பிடித்துக்கொண்டு, “இப்ப ஒருக்கா இழு” என்றார். மஞ்சளாய், சோர்ந்ததாய், ஒரு பொறி தோன்றி மறைந்தது. அடுத்த முறை அதுவும் இல்லை. “நீலமாய்ப் பாய வேணும்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, டிஸ்ரிபியூற்றரின் கறுத்த மூடியை இரு கவ்விகளையும் தட்டிக் கழற்றினார். அதனுள்ளே ‘பொயின்ற்’ எனப்படும் இரு சிறு உலோக முனைகள் உள. எந்திரம் சுழலுந்தோறும் அவை ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் பிரியவேண்டும். பிரியும் அக்கணத்திலேதான் கொயிலில் உயரழுத்த மின்சாரம் பிறக்கிறது. அவற்றின் முகம் கருகியிருந்தது. பிரிய வேண்டிய அளவு பிரியவுமில்லை.

“ஒரு கலியாணக் காட் தாங்கோ.”

கொடுத்தார்கள். மணமக்களின் பெயர் கிழியாதபடி ஒரு மூலையை மட்டும் கவனமாகக் கிழித்தெடுத்தார். அதனை அம்முனைகளுக்கிடையே செருகி இழுத்துத் துடைத்தார். கொட்டிலிலிருந்து வந்த சிறு கத்தியின் முனையால் ஒரு திருகாணியைத் தளர்த்தி, அட்டையின் தடிப்பே இடைவெளியாக அமையும்படி வைத்து, மீண்டும் இறுக்கினார். அவ்விடைவெளி ஒரு மில்லிமீற்றரின் பத்தில் நான்கு பங்களவு இருக்கவேண்டும் என்பதைப் பிற்பாடு நான் நூல் பார்த்து அறிந்தேன். கலியாண அட்டையின் தடிப்பும் ஏறத்தாழ அதுவே. சாரதி விசையை இழுத்தார். கார் உறுமிக்கொண்டு எழுந்தது. மாப்பிள்ளை போனார். முதியவர் வாழைக்காய் வெட்டப் போனார்.

தமிழிற் பொறி என்னும் சொல் தீயின் துளியைக் குறிக்கும், எந்திரத்தைக் குறிக்கும், கண், மூக்கு, செவி முதலாய புலன்வாயில்களையுங் குறிக்கும். பல்கலைக்கழகத்தில் இப்பொருள்களை நான் பரீட்சைக்காக மனனஞ் செய்ததுண்டு. மூன்றும் ஓரிடத்திற் கூடக் கண்டது அன்றுதான். ஒரு மனிதன் தன் பொறிகளைக் கொண்டு ஒரு பொறியிலே தொலைந்துபோன பொறியைத் தேடிப் பிடித்தான். அவ்வறிவுக்குச் சான்றிதழ் ஏதுமில்லை. அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, 1967ஆம் ஆண்டளவில் ஒரு கராச்சில் எடுபிடியாகச் சேர்ந்தவர்.

இந்தக் கார்கள் இங்கு வந்த கதையைச் சற்று நோக்குவோம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் பிரித்தானியா கடனில் மூழ்கிக் கிடந்தது. ஏற்றுமதி செய்யுங் கம்பனிகளுக்கே உருக்கு என்று அந்நாட்டு அரசாங்கம் வரையறுத்தது. பேர்மிங்காமை அடுத்த லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1947இற் பிறந்த ஏ40 டெவன் அந்த நெருக்கடியின் குழந்தை. 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் நாற்பது குதிரைவலுவும் உடைய அந்த எந்திரம், உள்ளூர்க்காரனைக் காக்க வைத்துவிட்டுக் கடல் கடந்தது. 1952இல் அதன் இடத்தைச் சொமர்செற் பிடித்தது. அதே காலத்திற் கொரிய யுத்தத்தால் இறப்பரின் விலை ஏறி, இலங்கையின் கையில் அந்நியச் செலாவணி புரண்டது. அச்செலாவணியைத் தேயிலைச் செடிக்கும் இறப்பர் மரத்துக்கும் இடையில் நின்று ஈட்டித் தந்தவர்களுள் பெரும்பகுதியினர் மலையகத் தொழிலாளர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களது பிரசாவுரிமையைப் பறித்திருந்தது. நாடற்றவராக்கப்பட்டோரின் வியர்வையில் வந்திறங்கிய கார்களில் நாம் கோயிலுக்கும் கச்சேரிக்கும் போய்வந்தோம். பழைய காரைப் பற்றி உருகிப் பேசுவோர் இப்பகுதியைச் சொல்வதில்லை.

1960களின் தொடக்கத்திற் செலாவணி வற்றியது, இறக்குமதிகள் இறுக்கப்பட்டன. புதிய கார் அரிதாயிற்று. 1977இன்பின் திறந்த பொருளாதாரத்தோடு யப்பானிய வாகனங்கள் வந்து நிறையும்வரை, இருந்த கார்களை ஓட்டியே தீரவேண்டிய நிலை. கராச்சுகளின் பொற்காலம் என்று அதனைச் சிலர் கூறுவர். பொன் யாருடைய பைக்குப் போயிற்று என்பது வேறு கதை.

ஒரு பெற்றோல் எந்திரம் ஓட மறுப்பதற்குக் காரணங்கள் நூறு இருக்கலாம். ஆனால் அவை யாவும் மூன்று கேள்விகளுக்குள் அடங்கும். தக்க வேளையிற் பொறி பாய்கிறதா? எரிபொருளும் காற்றும் தக்க அளவிற் கலந்து உள்ளே வருகின்றனவா? வந்த கலவை உருளையினுள் நன்கு அமுங்குகிறதா? மொறிஸ் மைனர்க் காராயின் எரிபொருளைத் தேடுவது எளிது. சாவியைத் திருப்பியதும் அதன் மின்சாரப் பம்பி ‘ரிக் ரிக்’ என்று அடிக்கும். அடிக்காவிட்டால் ஒரு தட்டுத் தட்டினால் விழித்துக்கொள்ளும். கடுங்கோடையிற் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகி வழியை அடைத்துவிடும். ஈரத்துணியைச் சுற்றிவிட்டுச் சற்றுப் பொறுத்தாற் சரி. பொறுமையிழந்து இழுத்துக்கொண்டேயிருந்தால் பிளக்குகள் பெற்றோலில் நனைந்துபோகும். அதன்பின் நோய் ஒன்று இரண்டாகும்.

இந்த விசாரணை மோட்டார்க் காரின் முதற் பயணத்திலேயே தொடங்கிவிட்டது. 1888 ஓகஸ்ற் மாதத்தில் பேர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சில்லு வண்டியை எடுத்துக்கொண்டு, இரு புதல்வரோடு ஜேர்மனியின் மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள பொர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். வழியில் எரிபொருட் குழாய் அடைத்தது. தொப்பியூசியாற் குத்தித் திறந்தார். பொறி தரும் கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியாற் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தது, வீஸ்லொஹ் என்ற ஊரிலுள்ள மருந்துக்கடையிற் கறை நீக்க விற்கும் லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். கணவரின் பெயரை உலகம் அறியும். இந்தத் தொப்பியூசியை எத்தனை பேர் அறிவர்? அந்த மருந்துக்கடையை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். மருந்தைப்போல அளந்து பெற்றோல் வாங்கிய இன்னொரு காலத்துக்கு நாம் போகவேண்டியிருக்கிறது.

அதற்குமுன் கைபிடியைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சார ஸ்ராட்டர், அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றறிங்கின் முயற்சியால் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களிற் பூட்டப்பட்டது. அதுவரை ஒவ்வொரு காரையும் எவரோ ஒருவர் முன்னே குனிந்து நின்று கையாற் சுழற்றவேண்டியிருந்தது. நேரந்தவறிப் பொறி பாய்ந்தால் கைபிடி எதிர்த்திசையில் உதைக்கும், மணிக்கட்டு முறியும். ஆகையாற் பெருவிரலைக் கைபிடியைச் சுற்றி மடிக்காது, மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். ஏ40இலும் அந்தக் கைபிடி இருந்தது. பற்றறி தளர்ந்த நாட்களில் அதுவே துணை. பெரும்பாலும் அதைச் சுழற்றியவர் காருக்குரியவரல்லர். அவருடைய கிளீனர்ப் பையன். நம் முதியவரின் வலக்கை சற்றே கோணலாக இருப்பதைக் கவனித்து, என்ன என்று கேட்டேன். “பதினாலு வயசிலை பெருவிரலை எங்கை வைக்கிறதெண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, மாஸ்ரர்” என்றார்.

இனி, நான் சொல்ல வந்த காலத்துக்கு வருகிறேன். 1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், ரோச் பற்றறிகள், சீமெந்து, உரம் எனத் தடுக்கப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவிற் பங்கீட்டுக்கு வந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் அம்மண்ணெண்ணெயே வெளிச்சமும் வாகனமும் நீரிறைக்கும் இயந்திரமும் ஆயிற்று. எனக்கு அப்பொழுது நாலைந்து வயது. ஒழுங்கையில் ஒரு கார் போனால், அது மறைந்து நெடுநேரமாகியும் மதிலோரத்தில் நின்ற வெண்புகையின் மணம் இன்றும் என் மூக்கில் உண்டு.

மண்ணெண்ணெயிற் பெற்றோல்க் கார் ஓடுமா? ஓடும், ஆனால் தொடங்காது. இந்த இடத்தில்தான் எம் மெக்கானிக்குமாரின் அறிவு நிற்கிறது. பெற்றோல் உறைபனிக் குளிரிலும் ஆவியாகித் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை வெப்பமேனும் அடையாமல் எரியத்தக்க ஆவியைத் தராது. குளிர்ந்த எந்திரத்தினுள் அது நனைத்துக்கொண்டு கிடக்குமேயன்றிப் பற்றாது. ஆகவே காற்று நுழையும் வாயிலிற் சில துளி பெற்றோல் விட்டு எந்திரத்தை எழுப்பி, அது சூடேறும்வரை அத்துளிகளாற் காத்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். குழந்தைக்குப் பாலூட்டும் சூப்பிப் போத்தல் அதற்குக் கருவியாயிற்று. மோட்டார்ச் சைக்கிள்காரரிடமெல்லாம் ஒரு சூப்பி இருந்தது. பிள்ளைப்பாலின் போத்தலிற் பெற்றோல் இருந்ததைக் கண்டு அக்காலத்திற் சிரித்தோரும் உண்டு.

இம்முறை உலகிற்குப் புதியதன்று. 1917இல் வந்த போர்ட்சன் உழவு இயந்திரங்கள் பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. பிரித்தானியாவில் உழவு இயந்திரங்களுக்கென்றே மண்ணெண்ணெய் வகை எரிபொருள் ஒன்று நெடுங்காலம் விற்கப்பட்டது, பேர்குசன் ரீ.ஈ.20இலும் அதற்கேற்ற ஒரு வகை இருந்தது. ஆனால் அவ்வியந்திரங்களை அதற்காகவே பொறியியலாளர் வரைந்தனர். எம்மவருக்கோ கிடைத்தது பெற்றோலுக்கென வார்த்த எந்திரம். ஏ40 அதற்கு இணங்கியது ஏன்? அக்காலத்து எந்திரங்கள் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக மட்டுமே அமுக்கின. அதிகம் அமுக்கும் புதிய எந்திரங்களில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே வெடித்துச் சம்மட்டியால் அடிப்பதுபோற் தட்டும். யப்பானியப் புதுக் கார்கள் கொட்டிலுக்குட் படுத்தன. தாத்தா காலத்து ஒஸ்ரினும் மொறிசும் வீதிக்கு வந்தன. வரலாறு சிலவேளை பின்னோக்கி நடப்பது இப்படித்தான்.

விலையின்றி ஓடவுமில்லை. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரால் வழிந்து அடியிலுள்ள எண்ணெயிற் கலந்து அதனை நீராக்கும், பேரிங்குகள் தேயும். பிளக்குகளிற் கரி படியும். ஓட்டத்துக்கு ஓட்டம் கழற்றிச் சுரண்டவேண்டும். போத்தலுக்குப் போத்தல் கைமாறி வரும் எண்ணெயில் தண்ணீரும் இருக்கும்.

ஒருநாள் இரவு, 1992இலோ 1993இலோ, பிரசவ வேதனையிலிருந்த ஒரு பெண்ணை மந்திகை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நம் முதியவரின் கார் நடுவழியில் நின்றுவிட்டது. வானில் ஹெலிகொப்டர், விளக்குக் கொளுத்த முடியாது. பொறி உண்டா என்பதை இருட்டிலே பார்ப்பது எளிது, நீலமாய்ப் பாய்ந்தது. எனவே பிழை எண்ணெயில். காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைத் தடவிக் கழற்றி, அதிலிருந்ததைக் கையிலே ஊற்றிப் பார்த்தாராம். ஒரு பகுதி உள்ளங்கையில் முத்துப்போல் உருண்டது, அது தண்ணீர். அதனை வார்த்துவிட்டு, எண்ணெய் வரும் நுண்துளையை வாயால் ஊதி, சூப்பியில் எஞ்சியிருந்த கடைசித் துளிகளை விட்டு எழுப்பினார். பிள்ளை ஆசுப்பத்திரியில் பிறந்தது. அந்தக் கடைசித் துளிகளுக்கு அன்று மாலைதான் ஒரு வியாபாரி நல்ல விலை பேசியிருந்தாராம். “அது வருத்தக்காரருக்கு” என்று இவர் மறுத்திருந்தார். இன்னொரு இரவைப் பற்றியும் கேட்டேன். “அது ஸ்ராட் வரேல்லை” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே எனக்கொரு சங்கடம் உண்டு. பொருளாதாரத் தடைக்காலத்து எம்மவரின் கெட்டித்தனத்தை மேடைகளிலே பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. கேட்போர் கைதட்டுகின்றனர். அக்கெட்டித்தனம் உண்மை. ஆனால் அதனையே பேசிப் பேசி, ஒரு சனத்தொகையின் எரிபொருளையும் மருந்தையும் தடுத்தமை ஏதோ எமது மூளையைத் தீட்டுவதற்காக நிகழ்ந்த பரீட்சைபோலாக்கி விடுகிறோம். சூப்பிப் போத்தலைப் போற்றுவோர், ஸ்ராட் வராத இரவுகளை எண்ணவேண்டாமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். காரில் ஊற்றிய மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. அதே எண்ணெயிற் சிறிதை ஜாம் போத்தலில் விட்டு, மெல்லிய திரி போட்டு, அந்த வெளிச்சத்திற்தான் ஒரு தலைமுறை மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். கூப்பனுக்குக் கிடைத்த எண்ணெயை ஏழைக் குடும்பம் அரிசிக்காக விற்றது. வாங்கியவர் காரிலே ஊற்றினார். தடை எல்லோருக்கும் பொதுவென்று சொல்லப்பட்டது. ஆனால் ஒரு வீட்டில் விளக்கணைந்தபோது இன்னொரு வீட்டிற் கார் ஸ்ராட் வந்தது. கலியாணத்துக்கு ஓடிய காரையும் பிரசவத்துக்கு ஓடிய காரையும் ஒரே தராசிலிட நான் துணியேன். எனினும் எண்ணெய் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்னும் கணக்கையும் எழுதாமல் அக்காலத்தின் வரலாறு நிறைவுறாது.

2022இல் நாடு முழுவதுமே பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. சில மாதங்களில் எரிபொருள் அட்டை வந்தது. தெற்கில் உள்ளவர்கள் நாட்கணக்கிற் தெருவிலே கிடந்தபோது, வடக்கிற் சிலர் “இப்போது தெரிகிறதா?” என்று கேட்டனர். அக்கேள்வியை நான் விரும்பவில்லை. பசித்தவன் பசித்தவனைப் பார்த்துக் கேட்கத்தக்க கேள்வியன்று அது. அந்நாட்களில் ஏ40களைத் திரும்பவும் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாமா என்று நம் முதியவரிடம் சிலர் வந்தார்களாம். மண்ணெண்ணெயே கிடைக்கவில்லை; மீன்பிடி வள்ளங்கள் கரையிற் கிடந்தன. புதுக்கார்க்காரர் எவரும் அவரிடம் வரவில்லை. எரிபொருளைக் கணினி அளந்து பீச்சும் எந்திரத்திற் கலியாண அட்டைக்கு வேலையில்லை.

இவ்வறிவுள்ளவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கின்றனர். மன்னர் ஆண்ட ஆண்டுகளை என் மாணவர் தவறின்றி ஒப்புவிப்பர். தம் தாயை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன எந்திரம் எதனால் ஓடிற்று என்று கேட்டால் விழிப்பர். ஆகவே இரண்டு மாதமாக, உயர்தர வகுப்பு மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் அம்முதியவர் வீட்டுக்குப் போய்வருகிறேன். அவர் திண்ணையிலிருந்து சொல்ல, அவர்கள் கொப்பியில் எழுதுகின்றனர். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

சென்ற கிழமை மாணவி வாசித்தாள்: “முதலில் காபரேற்றரின் வாயிற் பெற்றோற் துளி விடவேண்டும். அடுத்து, பொறி பாய்கிறதா என்று பார்க்கவேண்டும்.”

“பிழை, பிள்ளை” என்று கையுயர்த்தினார் முதியவர். “முதல் பொறி இருக்கோ எண்டு பார். பொறியில்லாமல் பெற்றோலை விட்டால் அது வீணாய்ப் போயிடும். அந்த நாளையிலை வீணாக்க எங்களிட்டை ஒரு துளியும் இருக்கேல்லை.”

அவள் இரண்டு வரிகளையும் வெட்டிவிட்டு, இலக்கங்களை மாற்றி எழுதினாள்.